உத்திராபதியின் கேஸ் ஷீட்

முப்பத்தெட்டு வயது ஆளுக்கு அறுபது வயதுப் பெயர். கேஸ் ஷீட்டின் மேல்மூலையில் உத்திராபதி என்று பார்த்தபோது யாரோ பெரியவர் என்று நினைத்துக்கொண்டுதான் பிரித்தேன். ஆளை நேரில் பார்த்தது அதற்கு ஒரு மாதம் கழித்து. காக்கிப் பேன்ட், கழுத்தில் துண்டு, கையில் எட்டாக மடித்து மடிப்பெல்லாம் கிழிந்துபோன ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி. என் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“மேடம், எனக்கு இங்கிலீசு படிக்க வராது. இதுல நான் இன்னா தப்பு பண்ணதா எழுதியிருக்கு?”

நான் கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். பெயர் எழிலரசி. பத்தொன்பது வருடமாகச் செம்மண்டலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, பழைய கேஸ் ஷீட்டுகளின் தூசியில் எட்டு மணி நேரம் தும்மிவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பும் பிழைப்பு. என் அறைக்கு வருகிறவர்கள் பிறப்புச் சான்று கேட்பார்கள், இன்சூரன்ஸுக்கு நகல் கேட்பார்கள், டாக்டர் கையெழுத்து புரியவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

எனக்கு வாய் ஜாஸ்தி. “இது ஆஸ்பத்திரி பேப்பர்ப்பா, போலீஸ் ஸ்டேஷன் எஃப்.ஐ.ஆர். இல்ல” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“என் வூட்டுக்காரி இத படிச்சுட்டுதான் மேடம் அவ அண்ணன் வூட்டுக்குப் போயிட்டா. இன்னையோட இருவத்தாறு நாளு ஆவுது. இன்னான்னு கேட்டா, அதான் பேப்பர்லயே எழுதியிருக்குதேன்றா.”

வாங்கிப் பார்த்தேன். நோய், சிறுநீர்க்குழாய்ச் சுருக்கம். காரணம், கிருமித் தொற்று. கீழே டாக்டர் தில்லைநாதனின் கையெழுத்து. அதற்கும் கீழே பொடி எழுத்தில், கோடிங் செய்தவரின் முதலெழுத்துகள். அவை என்னுடையவை.

கோடிங் என்றால் ஏதோ கம்ப்யூட்டர் வித்தை என்று என் சொந்தக்காரர்களே நினைக்கிறார்கள். அப்படி ஒன்றுமில்லை. உலகத்தில் உள்ள ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண் உண்டு. டாக்டர் எழுதியதைப் படித்து அதற்கான எண்ணைப் போடுவதுதான் என் வேலை. மூத்திரம் வெளியே வரும் குழாய் உள்ளே தழும்பு விழுந்து குறுகிப் போவதற்கு முப்பத்தைந்தாம் எண். அதோடு முடியாது. தழும்பு ஏன் விழுந்தது என்றும் சொல்ல வேண்டும். பின்னால் சைபர் போட்டால் அடிபட்டதால் வந்தது, ஒன்று போட்டால் கிருமியால் வந்தது, ஒன்பது போட்டால் காரணம் தெரியவில்லை. டாக்டர் எழுதாததை நான் எழுதக் கூடாது. அவர் சந்தேகமாகச் சொன்னதை நான் உறுதியாக்கக் கூடாது. பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு இதை விரலை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொடுப்பது நான்தான்.

உத்திராபதியை உட்காரச் சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து அவருடைய கேஸ் ஷீட்டை எடுத்தேன். டாக்டர் தம் கையால் எழுதியிருந்தது இதுதான்: ‘அடிபட்டதாகச் சொல்லவில்லை. கிருமித் தொற்று காரணமாக இருக்கலாம். பார்க்க வேண்டும்.’ இருக்கலாம் என்ற சொல்லுக்கு நான் ஒன்பது போட்டிருக்க வேண்டும். ஒன்று போட்டிருக்கிறேன். ஏன் என்று எனக்குத் தெரியும். காரணம் தெரியவில்லை என்று போகிற எண்ணெல்லாம் இன்சூரன்ஸ் மேசையிலிருந்து விளக்கம் கேட்டுத் திரும்பி வரும். அன்றைக்கு என் மேசையில் நாற்பது கேஸ் ஷீட் கிடந்தன. கம்ப்யூட்டரில் காரணம் என்ற கட்டத்தில் ஒன்றைத் தட்டினேன், அது தானாகவே சம்மரியில் அச்சாகி வந்துவிட்டது. அரை நிமிட வேலை.

கிருமி என்றதும் நம் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாத் தொற்றும் போகக் கூடாத இடத்துக்குப் போய் வாங்கி வருவதில்லை. ஆனால் ஓர் ஆம்பிளைக்கு அந்த இடத்தில் கிருமி என்றால் யாரும் இரண்டாவது யோசனை பண்ணுவதில்லை. நானே பண்ணியிருக்க மாட்டேன்.

உத்திராபதி நெல்லிக்குப்பத்தை அடுத்த ஒரு கிராமத்துக்காரர். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வண்டிச் சக்கரத்தைப் பிடித்தவர். இருபத்தெட்டு வயதில் சிதம்பரத்துக்குப் போய், ரயிலடிக்கும் கீழ வீதிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டினார். அந்த ஆட்டோவில் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் டாலி கிளாஸுக்குப் போய் வந்தவள்தான் இளமதி. பி.காம். முடித்த பெண். அப்பா அம்மா இல்லை. செல்போன் கடை வைத்திருந்த அண்ணன் கதிரவன்தான் அவளை வளர்த்தவன், படிக்கவைத்தவன். எட்டுப் பேர் ஏறினால்தான் கிளம்பும் ஆட்டோ, இளமதி ஏறிவிட்டால் மூன்று பேரோடு கிளம்புமாம். மற்ற டிரைவர்கள் சும்மா விடுவார்களா? ஓட்டு ஓட்டென்று ஓட்டியிருக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து அண்ணன் சம்மதத்தோடுதான் கல்யாணம் நடந்தது. அவனே முன்னால் நின்று நடத்திவைத்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு நெல்லிக்குப்பத்தில் வீடு பார்த்துக்கொண்டார்கள். கரும்பு லோடு ஏற்றி ஆலைக்கு டிராக்டர் ஓட்டினார். அரவை நாட்களில் ஆலை யார்டில் வண்டிகள் வரிசையில் நாள் கணக்காக நிற்கும். அங்கேதான் அவருடைய நோய் முதலில் ஊர் அறிந்தது. டிரெய்லருக்குப் பின்னால் ஒதுங்கினால் கால் மணி நேரம் ஆகும். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு முக்கி முக்கி நிற்பார், நூல் மாதிரி வரும். வரிசை நகர்ந்துவிடும், பின்வண்டிக்காரன் ஹாரன் அடிப்பான். “உத்திராபதி ஒதுங்கினா டோக்கனே மாறிடும்டா” என்று கேலி. கேலிக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். வெயிலில், கரும்புச் சக்கை பறக்கும் யார்டில், நாளெல்லாம் ஒரு சொம்புத் தண்ணீர். ஐந்து வருடம் இப்படி.

எட்டு வருடமாகியும் குழந்தை இல்லை. இளமதி கடலூருக்கு வந்து எல்லா டெஸ்டும் எடுத்துக்கொண்டாள். அவளிடம் குறையில்லை என்றார்கள், வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கள் என்றார்கள். அவர் அரவை முடியட்டும், நடவு முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். ஒருநாள் யார்டில் சுத்தமாக அடைத்துக்கொண்டது. ஸ்டீயரிங் மேல் சுருண்டு விழுந்தவரை மற்ற டிரைவர்கள் தூக்கிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

செய்தி கேட்டுச் சிதம்பரத்திலிருந்து கதிரவன் பைக்கில் பறந்து வந்தான். அவனை நான் அவன் என்றுதான் எழுதுவேன், மரியாதை கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். மருந்துக்கு ஓடியது அவன்தான், எக்ஸ்ரே ரூமுக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ளியது அவன்தான், வார்டுத் தரையில் படுத்துக் கிடந்ததும் அவன்தான். கூடப் பிறந்தவன்கூட அவ்வளவு செய்ய மாட்டான் என்று நர்ஸுகள் பேசிக்கொண்டார்கள்.

டாக்டர் தில்லைநாதன் அடிவயிற்றில் ஒரு டியூப் போட்டு முதலில் மூத்திரத்தை இறக்கினார். பிறகு மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்துச் சுருக்கம் எங்கே என்று பார்த்தார். அதன் பிறகு கட்டில் அருகே நின்று, எல்லா நோயாளியையும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். எங்கேயாவது விழுந்தீர்களா, அந்த இடத்தில் அடி கிடி பட்டதா, யாராவது உதைத்தார்களா? கட்டிலின் ஒரு பக்கம் இளமதி, மறு பக்கம் எக்ஸ்ரே கவரோடு கதிரவன். நம் ஊரில் நோயாளியைத் தனியாக விடுவார்களா? கூட நான்கு பேர் நின்றால்தான் அது பாசம். உத்திராபதி “இல்ல சார்” என்றார். அடுத்த கேள்வியை, வேறு பெண்களிடம் போனதுண்டா என்பதை, பெண்டாட்டி முன்னால் கேட்க டாக்டருக்கு நாகரிகம் இடம் தரவில்லை. கேட்காமலே ‘இருக்கலாம்’ என்று எழுதிவிட்டுப் போனார். குழாய்க்குள் கருவியை விட்டு, சுருக்கத்தை வெட்டிவிட்டார். நான்காம் நாள் டிஸ்சார்ஜ்.

நெல்லிக்குப்பம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இளமதி சம்மரியைப் படித்தாள். படித்த பெண்ணாயிற்றே. அந்த வரியைச் செல்போனில் போட்டுத் தேடினாள். செல்போன் என்ன காட்டும்? வெட்டை நோய் என்று காட்டியது. போகும் இடம், பிடிக்கும் விதம், பெண்டாட்டிக்கும் வரும் ஆபத்து, குழந்தையில்லாமல் போவது எல்லாம் காட்டியது.  வீட்டு வாசலுக்கு வந்ததும் கேட்டாளாம், “எட்டு வருஷமா ஊரு என்ன மலடின்னு சொல்லுச்சே, கேட்டுக்கிட்டுதான இருந்த?” அன்றைக்கே சிதம்பரம் போய்விட்டாள்.

இவ்வளவும் அவர் ஒரேயடியாகச் சொன்னதில்லை. அந்த முதல் நாள், அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எக்ஸ்ரே ரிப்போர்ட்டை நான் ஒழுங்காகப் படித்தேன். சுருக்கம் அரை அங்குலம்தான், ஒரே இடத்தில், கால்களுக்கு நடுவே குழாய் எலும்பை ஒட்டிப் போகும் இடத்தில். கிருமியால் வருவது பெரும்பாலும் நீளமாகப் பிடித்திருக்கும் என்று டாக்டரே பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். இது ஒரே அடியில் நசுங்கிய இடம்போல இருந்தது. கதவைச் சாத்தினேன்.

“இங்க பாருப்பா, நான் உனக்கு அக்கா மாதிரி. அந்த எடத்துல உனக்கு அடிபட்டிருக்கு. எப்போ, எப்படி? எங்கிட்ட மறைக்காத” என்றேன்.

துண்டை முறுக்கினார். பிறகு சொன்னார். கல்யாணத்துக்கு ஏழு மாதம் முன்னால், சிதம்பரம் ரயிலடி சைக்கிள் ஸ்டாண்டில் கதிரவன் வந்து நின்றிருக்கிறான். என் தங்கச்சி உனக்கு ஆட்டோ சவாரியா என்று கேட்டு, கீழே தள்ளி, கால்களுக்கு நடுவே உதைத்திருக்கிறான். ஒரே உதைதான். இரண்டு நாள் ரத்தமாகப் போயிற்று. நண்பன் ரூமில் பத்து நாள் படுத்துக் கிடந்தார். ரத்தம் நின்றதும் சரியாகிவிட்டது என்று எழுந்து வேலைக்குப் போய்விட்டார்.

“அவரு சாதாரணமா கோவக்காரரு இல்லக்கா. அன்னிக்கு இன்னாவோ. நான் காணாம போன பத்து நாளும் இளமதி சோறு துன்னல. அத பாத்துட்டுதான் அவரே வந்து, எங்க தங்கச்சிய கட்டிக்கன்னு கூப்ட்டாரு. அதுக்கப்பறம் மச்சான் மச்சான்னு உசுரா இருந்துட்டம். அவருக்கு அது ஞாபகம் இருக்குதோ இன்னாவோ.”

“டாக்டர் கேக்குறப்ப சொல்றதுக்கு என்னய்யா?”

“அவரு எக்ஸ்ரேவ புடிச்சுக்கிட்டு பக்கத்துல நிக்கிறாருக்கா. எப்படி சொல்றது?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. உதைத்தவன் மேலா, வாயை மூடிக்கொண்டவர் மேலா, நாகரிகம் பார்த்த டாக்டர் மேலா? எல்லாரும் ஒரு சொல்லை விழுங்கினார்கள். அந்தக் காலி இடத்தில் ஒன்று என்று போட்டவள் நான். தப்பு என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. “பரவாயில்லக்கா, மாத்தி குடுத்துடுங்க, போய் காட்டிடறன்” என்றார். மாற்றுவதென்றால் அவருக்கு அவ்வளவு லேசாக இருந்தது.

அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் தில்லைநாதன் நல்ல மனிதர், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தம் நெற்றியில் தாமே தட்டிக்கொண்டார். ‘ஒன்பது வருடம் முன்பு தெரிந்த நபர் ஒருவர் உதைத்ததால் அடி. பெயர் சொல்ல நோயாளி விரும்பவில்லை’ என்று எழுதினார். பெயர் எழுத வேண்டாம் என்பது உத்திராபதி போட்ட ஒரே நிபந்தனை.

கேஸ் ஷீட்டில் தவறை ஒயிட்னர் போட்டு மறைக்கக் கூடாது. கிழிக்கக் கூடாது, கிறுக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பழைய எழுத்து கீழே தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி, நேரம், கையெழுத்து வைக்க வேண்டும். யாரும் பின்னால் வந்து பித்தலாட்டம் பண்ணிவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட முறை. நியாயமான முறை. அப்படியே செய்தோம். புதுச் சம்மரியிலும் அன்றைய தேதியும் ‘திருத்தப்பட்டது’ என்ற முத்திரையும் விழுந்தது. நானே குத்தினேன்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அன்று மாலையே சிதம்பரம் போயிருக்கிறார். இளமதி கேட்டுக்கு உள்ளே நின்றே வாங்கிப் படித்தாளாம். என்ன நடந்தது என்று அடுத்த ரிவ்யூவுக்கு வந்தபோது சொன்னார்.

“கல்யாணத்துக்கு முன்னாடி யாரோ ஒதைச்சாங்கன்னா எனக்குத் தெரியாம எப்படின்னு கேட்டா. ஊருக்குப் போயிருந்தன்னு அப்ப உங்கிட்ட பொய் சொன்னனே, அந்த பத்து நாளுன்னு சொன்னன். உடனே அழுதுட்டாக்கா. ஓ, அந்த பத்து நாளுதானா, அப்ப அந்த பத்து நாளுதான் போயிருந்தியா, நான் இங்க பட்டினி கிடந்தன், நீ அங்க போய் வாங்கிக்கிட்டு வந்துட்டு, ஆஸ்பத்திரில சொல்லி மாத்தி எழுதி வாங்கிக்கிட்டு வரியான்னு.”

“கதிரவன் எங்க இருந்தான்?”

“உள்ளதான் இருந்தாரு. டி.வி. ஓடிக்கிட்டு இருந்துச்சு.”

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் ரிவ்யூவுக்கு வர வேண்டும். வெட்டிவிட்ட இடம் மறுபடி மூடிக்கொள்ளும் நோய் இது. புனல் வைத்த ஒரு மெஷினில் மூத்திரம் போகச் சொல்லி வேகத்தை அளப்பார்கள். நன்றாக இருப்பவருக்குக் கோடு மேலே ஏறி இறங்கும். அவருக்கு ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் படுத்தது. தண்ணீர் குடியுங்கள் என்றால் சரி என்பார், குடிக்க மாட்டார். வீட்டில் சமைக்க ஆளில்லை, டீயும் பன்னும்தான். அந்தத் தாளையெல்லாம் ஃபைலில் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் சரியான எண்ணைப் போட்டேன். முப்பத்தைந்து, சைபர். என் வேலை சுத்தமாக இருந்தது. 

ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. கடந்த ஆடி மாதம் இளமதி என் அறைக்கு வந்தாள். அதுவரை நான் அவளைப் பார்த்ததில்லை. மெலிந்த பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம், தோளில் பெரிய பை. கூடக் கதிரவன். குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்துக்குப் போட்டிருப்பதாகவும், கேஸ் ஷீட்டின் முழு நகல் வேண்டும் என்றும் சொன்னாள். நோயாளியின் சம்மதம் இல்லாமல் கொடுக்க முடியாது என்று வாயெடுத்தேன். பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வைத்தாள். ‘என் மனைவி இளமதி கேட்பதை எல்லாம் கொடுத்துவிடவும்’ என்று தமிழில் எழுதி, உத்திராபதி கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

நகலுக்குப் பணம் கட்ட அவள் கவுன்டருக்குப் போனாள். அவள் போனதும் கதிரவன் மேசைக்குக் கிட்டே வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“மேடம், அதுல பேரு ஏதும் இருக்குதா?”

ஞாபகம் இருக்கிறதோ என்னவோ என்று உத்திராபதி சொன்னாரே, இருந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. எக்ஸ்ரே கவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் இருந்திருக்கிறது.

“இல்ல” என்றேன்.

பெருமூச்சு விட்டான். “நான் சொல்லிடலாம்னு எத்தினியோ நாளு நெனச்சன் மேடம். ராத்திரில தூக்கம் வர்ல. ஆனா அவளுக்கு நான் ஒருத்தன்தான். என்னையும் வெறுத்துட்டா அவ எங்க போவா?”

“வீட்டுக்குப் போவா. அவ வீட்டுக்காரர்கிட்ட போவா” என்றேன். குரல் ஏறிவிட்டது. அதற்குள் இளமதி ரசீதோடு வந்துவிட்டாள். அவன் விலகிப் போய்ச் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நகலை நின்றுகொண்டே புரட்டினாள். அந்தப் பக்கம் வந்ததும் நின்றாள். கோட்டுக்குக் கீழே பழைய எழுத்து நன்றாகத் தெரிந்தது. பக்கத்தில் புது எழுத்து. இரண்டையும் மாறி மாறிப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“மேடம், நீங்களும் ஒரு பொம்பளதான். உண்மைய சொல்லுங்க. இது நெசமா நடந்ததா, இல்ல அவரு வந்து சொன்னத நீங்க எழுதுனதா?”

“நெசம்தாம்மா. மொதல்ல எழுதுனதுதான் தப்பு. அந்தத் தப்பப் பண்ணது நான். எக்ஸ்ரேவுலயே இருக்கு. அவருக்கு எந்தக் கெட்ட நோயும் வந்ததில்ல.”

அவள் முகம் கொஞ்சம் அசைந்தது. நான் அதைப் பார்த்தேன், நிச்சயமாகப் பார்த்தேன். நம்பிவிட ஆசைப்படுகிறவளின் முகம் அது.

“அப்ப யாரு ஒதைச்சது? தெரிஞ்ச ஆளுன்னு போட்டிருக்கே. அந்தப் பேர சொல்லுங்க. நானே போய் கேட்டுக்கறன். இப்பவே கேட்டுக்கறன்.”

கதிரவன் காலண்டரைவிட்டுத் திரும்பவில்லை. அவளுக்கும் அவனுக்கும் நடுவே ஆறடிகூட இல்லை. இரு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வராந்தாவுக்குப் போய் உத்திராபதிக்குப் போன் போட்டேன். பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டது.

“உன் பொண்டாட்டி வந்திருக்கா. பேரக் கேக்குறா. நீ ஊம்னு ஒரு வார்த்த சொல்லு, நான் சொல்லிடறேன். அவ நம்புவாப்பா. எனக்குத் தெரியுது.”

டிராக்டரை நிறுத்தினார். சத்தம் அடங்கியது.

“வேணாம்க்கா.”

“பைத்தியமா உனக்கு? கோர்ட்டு வரைக்கும் வந்தாச்சு.”

“இப்ப சொன்னா அவ ஒடனே வந்துடுவாளான்னு தெரியாது. ஆனா அண்ணன் மூஞ்சில முழிக்க மாட்டா, அது தெரியும். அப்பா அம்மா ஸ்தானத்துல இருக்கறவரு. நாள பின்ன எனக்கே இந்த ஒடம்புல இன்னா நெலமயோ. இருக்கற ஒருத்தரையும் அவளுக்கு இல்லாம பண்ணக் கூடாதுக்கா.”

கெஞ்சினேன். திட்டினேன். உங்கள் இரண்டு பேருக்கும் அவளைக் காப்பாற்றுகிற நினைப்பு, நடுவில் அவள்தானே செத்துக்கொண்டிருக்கிறாள் என்று கத்தினேன். வராந்தாவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வேணாம்க்கா, வேணாம்க்கா என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. நோயாளி சொல்லாதே என்றால் நான் சொல்லக் கூடாது. அது சட்டம், என் வேலைக்கு உள்ள ஒரே மானம். அந்தச் சட்டத்தை மீறியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

உள்ளே வந்தேன். இளமதி நான் விட்ட இடத்திலேயே நின்றிருந்தாள்.

“அது எங்களுக்குத் தெரியாதும்மா” என்றேன்.

 அவள் தாள்களை அடுக்கி, பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். “தெரியாதுன்னுதான் சொல்லுவீங்கன்னு நெனச்சன்” என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். அண்ணன் பக்கம் திரும்பி, “வாண்ணா, போலாம்” என்றாள். அவன் அவள் தோளிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள்.

சிறிது நேரத்தில் உத்திராபதி திரும்பக் கூப்பிட்டார்.

“போயிட்டாளாக்கா?”

“போயிட்டா.”

“கூட யாரு வந்திருந்தாங்க?”

“அவ அண்ணன்.”

“நல்லதுக்கா” என்றார். “தனியா அலைய விடல பாருங்க.”

 போனை மேசைமேல் வைத்துவிட்டு அழுதேன்.